மூடி போட்ட கடிகாரம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவி

"கைபேசியைத் தொட்டால் மணி தெரிகிறது. இந்தப் பழைய கடிகாரங்களைத் தேடி ஏன் அலைகிறாய்?" என்று என் தோழியர் கேட்காத நாளில்லை. ஒருத்தி எனக்கு 'மணிக்கூண்டு' என்று பெயரே வைத்துவிட்டாள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே பதில் சொல்லி மாளாது. எல்லோருக்கும் சேர்த்து நம் கல்லூரி ஆண்டு மலரிலேயே எழுதிவிடலாம் என்று துணிந்தேன். கொஞ்சம் நீண்டுவிட்டால் மலர்க் குழுவினர் பொறுத்தருள வேண்டும்.

என்னிடம் இருக்கும் பழைய கைக்கடிகாரங்கள் ஆறு. சென்ற ஆடி மாதம் வரை ஏழு இருந்தன. அந்த ஏழாவதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன் மற்றவற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

என் தாய்மாமா உடுமலைப் பேருந்து நிலையத்துக்கு அருகில் கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். கடை என்பது பெரிய வார்த்தை. ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு முக்காலி, ஒரு விளக்கு, வெயிலுக்கு ஒரு தார்ப்பாய், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்தாரானால் பேருந்து வந்து முட்டினாலும் நிமிரமாட்டார். அப்பா பஞ்சாலைக்கும் அம்மா தோட்ட வேலைக்கும் போய்விடுவதால், பள்ளி விட்டதும் நான் போய் உட்காரும் இடம் அந்த முக்காலிதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 'முதல் பட்டதாரி' என்று அரசுச் சான்றிதழும் வாங்கி வைத்திருக்கிறோம். ஆனால் எனக்கு இயற்பியலைத் தொடங்கி வைத்தவர் யார் என்று அந்தச் சான்றிதழில் எழுத இடமில்லை.

முதலாம் ஆண்டு ஆய்வகத்தில் முறுக்கு ஊசல் சோதனை செய்தோம். ஒரு வட்டத் தகட்டைக் கம்பியில் தொங்கவிட்டு, திருகி விட்டு, அது இப்படியும் அப்படியுமாகத் திரும்புவதை எண்ண வேண்டும். எனக்கு உடனே மாமாவின் பெட்டி நினைவுக்கு வந்தது. சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் பேலன்ஸ் சக்கரமும் இதே முறுக்கு ஊசல்தான்! கம்பிக்குப் பதிலாக முடியைப் போன்ற சுருள்வில் ஒன்று. சுவர்க் கடிகாரத்தின் ஊசலைக் கையில் கட்டிக்கொண்டு நடக்க முடியாது. கை அசைந்தால் ஊசல் குழம்பிவிடும். சுருள்வில் பொருத்திய சக்கரத்துக்கு ஆடுவதற்குப் புவியீர்ப்பின் துணை தேவையில்லை. ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ் இதை 1675-ல் வெளியிட்டார். மாமாவிடம் போய் மூச்சு வாங்க விளக்கினேன். "பேலன்ஸுக்கு இத்தனை பெரிய பேரா கண்ணு?" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

எச்.எம்.டி. ஜனதா, எச்.எம்.டி. பைலட் ஆகிய கடிகாரங்களில் இந்தச் சக்கரம் மணிக்கு 18,000 தடவை அடிக்கிறது. நொடிக்கு 5, ஒரு நாளில் 4,32,000. நாளொன்றுக்கு 30 நொடி முந்தினால் மாமாவுக்குக் கோபம் வரும். ஒரு நாளில் 86,400 நொடிகள் இருப்பதால், 30 நொடி என்பது 2,880-ல் ஒரு பங்கு. எங்கள் ஆய்வகத்தில் நூற்றில் ஒரு பங்கு பிழையோடு விடை வந்தாலே நாங்கள் கைகுலுக்கிக் கொள்வோம்!

வெயிலில் சுருள்வில்லின் விறைப்பு குறையும், கடிகாரம் பிந்தும். இந்தத் தொல்லையை ஒடுக்க, வெப்பத்துக்கு எளிதில் மாறாத நிக்கல் எஃகுக் கலவைகளைக் கண்டறிந்தவர் சார்ல் எடுவார் கியோம். கடிகாரம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். நிக்கல் எஃகு ஆராய்ச்சிக்காக 1920-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். மாமாவுக்கு இந்தச் செய்தி மட்டும் மிகவும் பிடித்துப் போய்விட்டது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம தொழில்ல ஒருத்தர் நோபல் பரிசு வாங்கியிருக்கார் தெரியுமுங்களா?" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

'17 ஜூவல்ஸ்' என்று டயலில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே 17 மாணிக்கக் கற்கள் இருப்பதாக எண்ணிக் கடிகாரத்தைப் பத்திரப்படுத்தியவர்கள் உண்டு. மாணிக்கம்தான், ஆனால் செயற்கை. அலுமினியம் ஆக்சைடு பொடியைச் சுடரில் உருக்கிப் படிகமாக்கும் முறையை பிரெஞ்சுக்காரர் வெர்னுய் 1902-ல் அறிவித்தார். சக்கர அச்சு தேயாமல் சுழல இந்தக் கற்கள் தேவை. விற்றால் டீச் செலவுக்குக் கூட ஆகாது.

என் ஆறு கடிகாரங்களில் நான்கு எச்.எம்.டி. இந்த நிறுவனம் 1953-ல் பெங்களூரில் இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களுக்காக ஏற்பட்டது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு கைக்கடிகார ஆலை தொடங்கினார்கள். முதல் தொகுதிக் கடிகாரங்களை 1963-ல் பிரதமர் நேரு வெளியிட்டார். பிறகு ஸ்ரீநகர், துமகூரு, ராணிபாக் என்று ஆலைகள் பெருகின. நம் தாத்தாக்களுக்கு வேலை கிடைத்ததற்கும், மாப்பிள்ளை முறுக்குக்கும், பணி ஓய்வுக்கும் இந்த மூன்றெழுத்துதான் சாட்சி. 'காஞ்சன்' என்ற தானியங்கி வகையைக் கேட்டுச் சம்பந்திகள் முகம் திருப்பிக்கொண்ட கதையை மாமா சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்.

பின்னர் குவார்ட்ஸ் வந்தது. 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. இன்றைய சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரத்தில் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பதினைந்தாம் அடுக்கில் இந்த எண் வரும். எனவே பாதி பாதியாகக் குறைத்துக் கொண்டே வந்தால் சரியாக ஒரு நொடி. நினைக்க நினைக்க இனிக்கும் கணக்கு! 1984-ல் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஓசூரில் ஆலை எழுந்தது. சாவி கொடுக்கும் கடிகாரத்தை மக்கள் மெல்ல மறந்தார்கள். 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. துமகூரு ஆலையின் நிலம் இஸ்ரோவுக்குப் போயிற்று. ஆலை மூடப்பட்ட செய்தி பரவியதும், வீட்டு அலமாரியில் தூங்கிய ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் திடீரென்று விலை ஏறியது என்பதுதான் வேடிக்கை.

விலை ஏறியவுடன் போலியும் ஏறிற்று. முழுப் போலி குறைவு. பழைய இயந்திரத்தை வைத்துக்கொண்டு, டயலைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்து, ஆலையில் ஒருநாளும் செய்யாத மயில் நீலத்திலும் ரோஜா நிறத்திலும் விற்கிறார்கள். பைலட் டயலுக்குள் வேறு கடிகாரத்தின் முட்கள்; ஜனதாவின் கூட்டுக்குள் யாருடையதோ எந்திரம். லென்ஸில் பார்த்தால் எழுத்தின் ஓரம் கரைந்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் கோடுகளோடு நேராக நிற்காது. பெயிண்ட் விளிம்பில் தடித்திருக்கும். கறையும் மங்கலுமாக, தொட்டால் பிரிந்துவிடும் போல இருக்கும் அசல் டயல்தான் எனக்கு வேண்டும். "பழசைப் பளபளப்பாக்கினால் என்ன குற்றம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நாற்பது ஆண்டு வெயிலும் வியர்வையும் எழுதியதை அழித்துவிட்டு அதற்குப் பழமை என்று விலை சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இருட்டில் ஒளிர்வதையெல்லாம் நாம் 'ரேடியம்' என்கிறோம். பழைய வெளிநாட்டுக் கடிகாரங்கள் சிலவற்றில் உண்மையிலேயே ரேடியம் பூசியிருக்கிறார்கள். 1920-களில் அமெரிக்க ஆலைகளில் அந்தப் பூச்சுத் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிய இளம் பெண்கள் பலர் நோயுற்று மாண்டார்கள். அவர்களுக்கு என் வயதுதான் இருந்திருக்கும். ரேடியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். கூடக் கலந்த துத்தநாக சல்பைடு கெட்டுவிடுவதால் ஒளி நின்றுவிடும், கதிர்வீச்சு நிற்காது. ஆகவே அத்தகைய டயலை யாரும் நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டாம்.

கடிகாரத்தின் உண்மையான வரலாறு டயலில் இருப்பதைவிடப் பின்மூடியின் உட்புறத்தில்தான் அதிகம். பழுது பார்ப்பவர்கள் ஊசி முனையால் அங்கே தங்கள் குறியையும் தேதியையும் கீறி வைப்பார்கள். திரும்ப வந்தால் எப்போது பார்த்தோம் என்று தெரிய வேண்டுமே, அதற்காக. உலகமெங்கும் இந்த வழக்கம் உண்டு. என்னிடமுள்ள ஒரு ஜனதாவில் நான்கு குறிகள். நான்கும் நான்கு கையெழுத்து. எந்த ஊர்க் கைகளோ!

மாமாவின் குறி 'உ' என்ற எழுத்து, பக்கத்தில் ஓர் எண், ஆண்டு. அந்த எண் அவருடைய நோட்டில் இருக்கும். கடை வைத்த நாள் முதல் ஒவ்வொரு கடிகாரத்தையும் நோட்டில் எழுதி வருகிறார்: எண், ஆள், கடிகாரம், கோளாறு, கூலி. பெரும்பாலும் பெயர் இராது. 'பால்காரர் மருமகன்', 'நாலாம் நம்பர் பஸ் டிரைவர்' என்றுதான் இருக்கும். பதினெட்டு நோட்டுகள் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தன. நான் அவற்றை இறக்கித் தூசு தட்டி, கரையான் அரித்த பக்கங்களைத் தனியே எடுத்து வைத்து, வரிசைப்படுத்தினேன். தோழியர் நூலகத்துக்குப் போவார்கள். என் ஆராய்ச்சி நூலகம் பரணில்!

இனி ஏழாவது கடிகாரம். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் செத்துப்போன கடிகாரங்களை மாமாவுக்கு எடைக்குக் கொடுப்பார். உதிரி பாகங்களுக்காக மாமா வாங்கிக்கொள்வார். சித்திரையில் வந்த பையில் ஒன்று வித்தியாசமாக இருந்தது. கண்ணாடிக்கு மேல் உலோக வளையத்தோடு கீல் வைத்த மூடி. மூடியைத் திறந்தால் டயலில் மேடிட்ட புள்ளிகள். முட்கள் தடிப்பானவை, விரலால் தடவினால் நகராதபடி இறுக்கமாகப் பொருத்தியவை. எச்.எம்.டி. பார்வையற்றோருக்காகச் செய்த பிரெய்ல் கடிகாரம்! சேகரிப்போர் ஆசையோடு தேடுவது. கை நடுங்கியது என்று எழுதினால் மிகையென்று நினைப்பீர்கள். நடுங்கத்தான் செய்தது.

மாமா எண்ணெய் விட்டுச் சுத்தம் செய்தார். இரண்டாம் நாள் ஓடிற்று. படம் பிடித்துத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினேன். அவர் வழியாகப் பெங்களூர்க்காரர் ஒருவர் பேசினார். எட்டாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் எட்டாயிரம் என்பது அம்மா ஒரு மாதத்துக்கு மேல் வெயிலில் நின்று வாங்கும் கூலி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "உன்னோடது, நீ பார்த்துக்கோ" என்று மட்டும் சொன்னாள். விற்பதா, வைத்துக்கொள்வதா என்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தக் குழப்பத்தில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கும் என்று நான் நினைத்தும் பார்க்கவில்லை.

பின்மூடியின் உட்புறத்தை மறுபடி லென்ஸில் பார்த்தேன். 'உ 412 94' என்றிருந்தது. மாமாவின் குறி!

பரணிலிருந்து 1994-ஆம் ஆண்டு நோட்டை எடுத்தேன். 412-ஆம் வரி: 'பாட்டு வாத்தியார். மூடி போட்ட வாட்ச். பேலன்ஸ் ஸ்டாஃப். ரூ. 35.' மாமா நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "கண்ணு தெரியாது அவருக்கு. வாட்ச் ரெடியாகுற வரைக்கும் தினம் வந்து இந்தப் பெட்டிகிட்ட நின்னுட்டுப் போவாரு" என்றார். பிறகு, "இருக்காரோ என்னவோ" என்றார்.

தேடுவதற்கு ஒரு மாதம் பிடித்தது. கோயில் நாகசுர வித்துவான் வீட்டில் விசாரித்தோம். அவர் கைகாட்டிய தெருவில் வீடு மாறியிருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி, "மகளோட பழனிக்குப் போயிட்டாருங்க" என்றார். ஆடி ஞாயிறு ஒன்றில் மாமா கடையைத் திறக்காமல் என்னோடு பேருந்து ஏறினார். அவர் ஞாயிறன்று கடை அடைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

பாட்டு வாத்தியார் ஐயா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கும் வயது. மாமா யாரென்று சொன்னதும், "பஸ் ஸ்டாண்டு வாட்ச் கடைக்காரருங்களா? குரல் அப்படியே இருக்குதுங்களே!" என்றார். நான் கடிகாரத்தை அவர் கையில் வைத்தேன். முதலில் காதருகே கொண்டுபோனார். பிறகு மூடியின் விளிம்பில் விரலை ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினார். அங்கே சிறு பள்ளம் ஒன்று உண்டு. நான் அதைக் குறையென்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்.

"கச்சேரி மேடைப் படியில விழுந்தப்போ ஆனதுங்க இது" என்றார். மூடியைத் திறந்து தொட்டார். "பதினொண்ணு இருபது. சரிங்களா அம்மணி?" என் கைபேசியில் பதினொன்று இருபத்திரண்டு. கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தியிருந்ததே தவிர, அவர் படித்ததில் பிழையில்லை.

வீடு மாற்றும்போது பழைய சாமான் பெட்டியோடு சேர்ந்து போய்விட்டதாம். மகள் வாங்கித் தந்த போன் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் மணியைச் சத்தமாகச் சொல்கிறது. "நல்ல போன்தானுங்க. ஆனா நான் மணி பாத்தா ஊருக்கே தெரியுது. ஒருத்தர் பாடிட்டிருக்கும்போது நான் மணி கேக்க முடியுமா? ராத்திரி தூக்கம் வராதப்போ மணி பாத்தா வீடே முழிச்சுக்குது. இதுன்னா சட்டைக்குள்ள கையை விட்டுப் பாத்துக்குவேன். யாரையும் மணி என்னங்கன்னு கேக்காம இருந்தது இதை வெச்சுட்டு இருந்தப்பத்தானுங்க" என்றார்.

கடிகாரத்தின் விலையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மாமாவும் திறக்கவில்லை. அவர் ஜிப்பாப் பையைத் துழாவியபோது, "412-க்குக் கூலி அப்பவே வாங்கியாச்சுங்க" என்று மாமா சொல்லிவிட்டார். கொடுத்துவிட்டு வரும் வழியில் எனக்கு மனம் கொஞ்சமும் வலிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். என் சேகரிப்பிலேயே அரியது அது ஒன்றுதான். எட்டாயிரம் ரூபாயில் அம்மாவுக்கு என்னென்ன செய்திருக்கலாம் என்று பழனியிலிருந்து மடத்துக்குளம் வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். மாமா பக்கத்தில் வாய் திறந்து தூங்கிவிட்டார்.

நான் அதைத் தொலைத்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. எந்திர எண், டயலின் அளவு, புள்ளிகளின் அமைப்பு, பள்ளம் விழுந்த கதை எல்லாம் குறிப்பேட்டில் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழனிக்குப் போய் அது எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று குறித்து வருகிறேன். இப்போது நாளொன்றுக்கு 20 நொடி பிந்துகிறது. அவர் பொழுது விடிந்ததும் சாவி கொடுக்கிறார். பின்மூடியில் மாமா புதிதாக ஒரு குறி கீறினார். இம்முறை எண் போட வேண்டிய நோட்டை நான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு குறை இருக்கிறது. மூடியை மூடி வைக்கும் கொக்கி தேய்ந்துவிட்டது. சட்டையில் பட்டால் திறந்துகொள்கிறது. கீலுக்கு மாமா தையல் ஊசியை வெட்டிப் போட்டுச் சமாளித்துவிட்டார். கொக்கியை அப்படிச் செய்ய முடியவில்லை. உதிரி பாகமும் கடைகளில் கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவ மாணவியரின் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ, ஓடாமல் உடைந்து கிடக்கும் மூடி போட்ட எச்.எம்.டி. கடிகாரம் ஏதேனும் இருந்தால் இயற்பியல் துறையில் என்னிடம் தெரிவிக்க வேண்டுகிறேன். டயலும் எந்திரமும் எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லை. மூடி மட்டும் போதும்.